7600 பிறந்த கதை

மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு வெளியே எதுவும் தெரியாது. எதிரே இருக்கும் கருவிகளும், தரையிலிருந்து காதில் விழும் குரலும்தான் துணை. குரல் நின்றுபோனால் அவர், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியில் 7600 என்று வைப்பார். கீழே ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விஷயம் புரிந்துவிடும்: ரேடியோ வேலை செய்யவில்லை.

இந்த எண்ணின் மூதாதை ஒரு கொடி. 1929-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் நாற்காலி, குடை, மதியச் சாப்பாடு, இரண்டு கொடிகள் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு விமானத் திடலுக்குப் போவார். சிவப்புக் கொடி என்றால் நில். கட்டம் போட்ட கொடி என்றால் போ. ஆனால் மேகம் கவிந்தால் கொடி யார் கண்ணுக்குத் தெரியும்?

1935 டிசம்பரில் விமான நிறுவனங்கள் சேர்ந்து நியூவார்க்கில் வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தன. ஆச்சரியம் என்னவென்றால், அங்கே இருந்தவர்களால் விமானியோடு நேரடியாகப் பேச முடியாது. விமானி தன் நிறுவனத்து ஆளிடம் ரேடியோவில் சொல்வார். அவர் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பும். ரேடாரும் கிடையாது. எந்த வழி, எந்த உயரம், எத்தனை மணிக்கு எந்த ஊர் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தின் மேல் சிறு அடையாளங்களை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். சொன்னபடி பறக்கும் விமானம், பேசாவிட்டாலும் எங்கே இருக்கும் என்று தெரியும். ரேடியோ நின்றுபோனால் என்ன செய்வது என்று சொல்லும் இன்றைய விதிக்கு அடிப்படை இந்த நம்பிக்கைதான் என்பது என் எண்ணம்.

எண்ணைத் தந்தது போர். ரேடாரில் தெரியும் புள்ளி நம்முடையதா, எதிரியுடையதா? அதைச் சொல்ல இரண்டாம் உலகப் போரில் விமானங்களில் ஒரு பதில் கருவியைப் பொருத்தினார்கள். அதன் சங்கேதப் பெயர் 'கிளி'. டிரான்ஸ்பாண்டர் எண்ணை வைக்கச் சொல்ல இன்றும் வழங்கும் 'ஸ்குவாக்' என்ற சொல் அந்தக் கிளியின் கீச்சல்தான். பின்னால் இந்தக் கருவி பயணிகள் விமானத்துக்கும் வந்தது. அதில் வைக்கும் எண்ணுக்கு நான்கு இலக்கம், ஒவ்வொன்றும் 0 முதல் 7 வரை. மொத்தம் 4,096 எண்கள். கடத்தலுக்கு 7500, ஆபத்துக்கு 7700, ரேடியோ பழுதுக்கு 7600.

எண்ணை வைத்த பிறகு என்ன செய்வது? அமெரிக்க விதி தெளிவாகச் சொல்கிறது. வெளியே பார்வை தெளிந்தால் பார்த்தே பறந்து, முடிந்த அளவு சீக்கிரம் இறங்கிவிட வேண்டும். மேகம் விடாவிட்டால் கடைசியாக அனுமதித்த வழி. அது இல்லையென்றால் எதிர்பார்க்கச் சொன்ன வழி. அதுவும் இல்லையென்றால் புறப்படும்போது எழுதிக் கொடுத்த வழி. உயரத்தில், அனுமதித்தது, எதிர்பார்க்கச் சொன்னது, அந்தப் பாதைக்குரிய குறைந்தபட்சம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அது. மலையில் மோதாமல் காப்பது அந்தக் குறைந்தபட்ச உயரம்.

மேகத்தை விட்டு இறங்கி ஓடுபாதையை நெருங்கும்போது, கோபுரத்திலிருந்து சிமிட்டாமல் எரியும் பச்சை விளக்கைக் காட்டுவார்கள். இறங்கலாம் என்று பொருள்.