சுதையும் சிமெண்டும்: கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரக் கோபுரங்களின் புறப்பூச்சு வரலாறு

மலேசியத் தமிழர் ஆலயங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் தோற்ற வரலாற்றையோ, வழிபாட்டு மரபையோ, நிருவாகத்தையோ பேசுகின்றன. கோபுரத்து உருவங்களை நோக்குவோரும் இது எத்தெய்வம், எப்புராணக் காட்சி என அடையாளங் காண்பதோடு நின்றுவிடுகின்றனர். அவ்வுருவம் எதனால் ஆனது, எக்கருவியால் இழைக்கப்பட்டது, எவர் இழைத்தார் எனும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்தை எல்லையாகக் கொண்டு அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். சுண்ணாம்பின் இடத்தைச் சிமெண்டு பிடித்தபோது மூலப்பொருள் மட்டும் மாறவில்லை. வேலைக்குரிய காலமும், கருவியும், உருவம் அழியும் முறையும் உடன் மாறின.

சுதை எனும் சொல் வடமொழியில் சுண்ணச் சாந்தையும் அமுதத்தையும் ஒருங்கே குறிப்பது. புகார் நகரத்து மாடங்களில் வெண்சுதையால் இயற்றப்பட்ட வானவர் முதலிய உருவங்களை மக்கள் நின்று கண்டதாக மணிமேகலை கூறும். முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிக் குடைவரை எடுத்த பெருமையைப் பேசுகிறது. அதற்கு முந்திய கோயில்கள் இந்நான்கினாலேயே ஆயின என்பதற்கு அம்மன்னனின் பெருமிதமே சான்றாகிறது. கருவறை கல்லாக மாறிய பின்னரும் விமானத்தின் மேல்நிலைகளிலும் கோபுரங்களிலும் சுதை தொடர்ந்தது. உயரத்துக்கு எடை குறைந்த பொருள் வேண்டும் என்பது அதற்கொரு காரணம்.

பழைய முறையில் சுதை வேலை சாரத்தின் மேல் தொடங்கவில்லை, குழியில் தொடங்கிற்று. சுட்ட கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ நீற்றி, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, சலித்த மணலுடன் கூட்டி, மாடு இழுக்கும் செக்கிலோ அம்மியிலோ வெண்ணெய்ப் பதம் வரும்வரை அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பது வழக்கம். செங்கல்லை உடைத்தும் செதுக்கியும் உருவத்தின் கருவை அடுக்கி, அதன்மேல் பருமணற் சாந்தைப் பூசி, அது இறுகியபின் நுண்சாந்தை ஏற்றுவர். கொத்தனாரின் பெரிய கரண்டி இங்கு உதவாது. இலை வடிவிலான சிறு இரும்புக் கரண்டிகள், மூங்கிற் சீவல்கள், நீர் தெளிக்கும் தூரிகை ஆகியவையே சுதைச் சிற்பியின் கருவிகள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லக் கல்லாகிறது. ஆதலால், முற்பகலில் வைத்த மூக்கைப் பிற்பகலில் திருத்திக்கொள்ளச் சிற்பிக்கு அவகாசம் இருந்தது.

கோலாலம்பூர் செங்கல்லுக்கு மாறியது பேரழிவின் விளைவாகும். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து நகரை அழித்தன. அதனையடுத்து, கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் அமைய வேண்டும் என்பதைப் பிராங்க் சுவெட்டன்ஹாம் 1884-இல் வற்புறுத்தினார். நகருக்குச் செங்கல் ஈந்த சூளைகளின் பெயராலேயே பிரிக்பீல்ட்ஸ் இன்றும் அழைக்கப்படுகிறது. சுண்ணாம்புக்கும் குறைவில்லை, பத்துமலை முழுவதும் சுண்ணாம்புக் கல்லே. செங்கற்சுவரின் மேல் பூச்சேற்றிய வெளிமுகப்புக்கு இந்நகரில் சிறந்த சான்று 1910-இல் எழுந்த புகைவண்டி நிலையம். எனினும் அதே காலத்துத் தமிழர் ஆலயங்கள் பெரும்பாலும் எளியவை. துன் எச்.எஸ். லீ சாலை ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், தம்புசாமிப் பிள்ளையால் 1873-இல் அத்தாப்புக் கூரையுடன் தோற்றுவிக்கப்பட்டு, 1887-இல்தான் செங்கற் கட்டடமாயிற்று. கிள்ளானில் 1892-இல் தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயமும், இலங்கைத் தமிழர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அமைத்த ஸ்ரீ கந்தசுவாமி ஆலயமும் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்தவையே.

உயர்ந்த கோபுரங்களின் காலம் சிமெண்டின் காலத்தோடு இணைந்தே வருகிறது. 1953-இல் ராவாங்கில் மலாயாவின் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. பத்துமலைக்குச் சற்று வடக்கே, அதே சுண்ணாம்புக் கல்லே அங்குச் சிமெண்டாயிற்று. மகா மாரியம்மன் ஆலயத்தின் பழைய கட்டடம் அகற்றப்பட்டு, 1968-ஐ ஒட்டி இன்றைய ஆலயம் உருப்பெற்றது. அதன் ஐந்து நிலை இராஜகோபுரம் ஏறத்தாழ 22.9 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியச் சிற்பிகள் வடித்த 228 உருவங்களைத் தாங்குவது.

சிமெண்டுச் சுதையில் செங்கற் கருவின் இடத்தை இரும்புக் கம்பிக் கூடு ஏற்றது. கம்பியை உருவத்தின் நிலைக்கேற்ப வளைத்து, கோழிவலை சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கி, பருஞ்சாந்தை அழுத்தி நிரப்புவர். மேலே நுண்சிமெண்டுப் பூச்சு வரும். கம்பியின் வலுவால் கைகளைச் சுவரிலிருந்து விலக்கி நீட்ட முடிந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் ஆடற்கோலமும் எளிதாயிற்று. இன்றைய கோபுரங்களில் உருவங்கள் வெளிநோக்கிப் பாய்வதுபோல் தோன்றுவதற்குச் சமய உணர்ச்சியினும் கம்பியே முதற்காரணம் என்பது என் கருத்து. ஆனால் சிமெண்டு காத்திராது. கலந்த ஓரிரு மணி நேரத்துக்குள் இறுகத் தொடங்கிவிடும். எனவே சிற்பி சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். விரைந்து முடிக்க வேண்டும். கிரீடம், மணிமாலை, யாளிமுகம் முதலிய மீண்டும் மீண்டும் வரும் உறுப்புகள் அச்சில் வார்க்கப்படலாயின. ஒரே முகம் பல ஆலயங்களில் நம்மை நோக்குவதன் காரணம் இதுவே.

அழிவும் வேறாயிற்று. மதுரையில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. கோலாலம்பூரிலோ அது 2,400-ஐத் தாண்டும். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. சிமெண்டின் மேல் பளபளப்பு வண்ணத்தைத் தடவிவிட்டால், விரிசல் வழியே புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இருமடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால் உருவம் உள்ளிருந்தே வெடிக்கிறது. விரல்களும் ஆயுதங்களுமே முதலில் விழுகின்றன. அவற்றில்தான் கம்பியின் மேல் பூச்சு மிக மெல்லியது.

சில ஆண்டுகளுக்கு முன், கிள்ளான் வட்டாரத்து ஆலயம் ஒன்றில் திருப்பணி நடந்தபோது, அகற்றப்பட்ட இடிபாடுகளுக்கிடையே துவாரபாலகர் ஒருவரின் முன்கைத் துண்டைக் கண்டெடுத்தேன். உடைந்த முகத்தில் நடுவே துருக்கம்பி, சுற்றிலும் சாம்பல்நிறச் சாந்து, விளிம்பில் ஏழு வண்ணப் படலங்கள். அடியில் இருந்தது வெளிர் நீலம். மேலே இருந்தது பொன்வண்ணம். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற ஆவணம் அது. குப்பை வண்டி மறுநாளே வந்து ஏனையவற்றை ஏற்றிச் சென்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது மரபு. புதுப்பித்தல் பக்தியின் கடமை. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் புதுப்பிக்குமுன் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடம் இல்லை.

2006 சனவரியில் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலை, கம்பியும் சிமெண்டும் இணைந்த இம்முறையின் உச்சம். 42.7 மீட்டர் உயரம், 1,550 கன மீட்டர் கான்கிரீட், 250 டன் எஃகுக் கம்பி, தாய்லாந்திலிருந்து வந்த 300 லிட்டர் பொன்வண்ணம் என அதன் அளவுகள் நாளிதழ்களில் விரிவாக வெளிவந்தன. இவ்வளவு விவரமாகப் பதியப்பட்ட சிலைக்கும்கூட, அதனை இழைத்த கைகளைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே.

அக்கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து தற்காலிக வேலை அனுமதியில் வருபவை. திருப்பணி முடிந்ததும் திரும்பிவிடுபவை. தமிழ்நாட்டில் 1957-இல் மாமல்லபுரத்தில் அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றியது. குடும்ப வழியில் வந்த அறிவு பாடத்திட்டமாயிற்று. அதற்கு ஒப்பான ஏற்பாடு இங்கு உருவாகவில்லை. குடமுழுக்கு மலர்களைப் புரட்டுவோர் தலைவர் உரைகளையும், நன்கொடையாளர் பட்டியலையும், விளம்பரங்களையும் நிரம்பக் காண்பர். ஸ்தபதியார் பெயர் ஒரு வரியில் வரும். சாரத்தில் நின்று முகம் வடித்தவர் பெயர் வாராது.

பாலாலயம் நிகழ்ந்து சாரம் கட்டப்பட்ட பின், பழைய உருவங்களை அகற்றத் தொடங்குமுன் சில நாள்கள் இடைவெளி கிடைக்கும். சாரத்தில் ஏறி, நிலைவாரியாக ஒவ்வோர் உருவத்தையும் கண்ணுக்கு நேராகப் படமெடுக்க ஏற்ற காலம் அது ஒன்றே. ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் இருந்தால் ஐந்து நிலைக் கோபுரம் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம். உடைந்த துண்டுகளில் ஒன்றிரண்டை, எந்நிலையில் எத்திசையில் இருந்தது எனக் குறித்து ஆலய அலுவலகத்தில் ஒரு பெட்டியில் வைக்கலாம். அவ்வேளையில் சிற்பிகளிடம் அவர்தம் ஊர், ஆசான், கருவிகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளவும் கூடும். பிற்பகல் தேநீர் வேளையில் அவர்கள் விருப்பத்தோடு பேசுகின்றனர்.