இன்பத்துக்காக வாசித்தவர்கள்

வல்வெட்டித்துறை என்றதும் எவருக்கும் நினைவில் எழுவது கப்பல். இங்கு கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த கதையை ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால், அந்தக் கப்பல்களைக் கட்டியவர்களும் ஓட்டியவர்களும், அவை திரும்பும்வரை வீட்டில் காத்திருந்த பெண்களும் ஓய்ந்த வேளையில் எதை விரும்பி வாசித்தார்கள் என்று கேட்டால் பதில் எளிதில் வராது. நமது இலக்கிய வரலாறுகள் எழுதியவர்களை ஆண்டு வாரியாக அடுக்கித் தருகின்றன. வாசித்தவர்களைப் பற்றி அவை பேசுவது மிகக் குறைவு. நேயர்களே, இன்று அவர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தின் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்றார். கோயில் மண்டபத்தில் ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊர் கூடியிருந்து கேட்கும். இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். சூரன் மாமரமாய் நிற்கும் இடத்தில் கேட்பவர் மூச்சை அடக்கியிருப்பது பக்தியால் மட்டுமா? கதை கேட்கும் இன்பமும் அதில் உண்டு. எழுத்தறியாதவரும் அங்கே வாசகரே. ஒரு பிரதி போதும், ஒரு தெருவே வாசித்ததாகிவிடும். இந்த ஊரவரான இயற்றமிழ்ப் போதகாசிரியர் ச. வயித்தியலிங்கபிள்ளை 1876இல் சிந்தாமணி நிகண்டு செய்தவர். புலமையும் பொதுமக்களின் சுவையும் ஒரே மண்டபத்தில் இருந்த காலம் அது.

அச்சுப் பெருகியதும் இரண்டும் பிரிந்தன. சென்னையிலிருந்து பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் மதனகாமராசன் கதையும் வந்தன. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள்; மற்றவர்கள் வாங்கினார்கள். முகம் சுளித்தவர்களில் எத்தனை பேர் அவற்றை ஒளித்து வைத்து வாசித்தார்களோ, யார் கண்டது!

பின்னர் வார இதழ்களின் காலம். 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி நமது எழுத்தாளர்களுக்கு ஒரு களம் தந்தது. எனினும் வீட்டுத் திண்ணையை வென்றவை ஆனந்த விகடனும் கல்கியும்தான். 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனின் பக்கங்களைக் கழற்றி, மணியத்தின் சித்திரங்களோடு சேர்த்துக் கட்டி வைப்பது தமிழ் வாசகரின் பொது வழக்கம். வல்வையாருக்கு அந்நாவலில் தனியான ஓர் உரிமையும் உண்டு. கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் பூங்குழலி படகு வலிக்கும் கடல் இவர்களுடைய கடல். வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் போய்வந்த குடும்பங்களில் அந்த அத்தியாயம் வாசிக்கப்பட்ட விதம் மதுரையிலோ கோவையிலோ வாசிக்கப்பட்ட விதமாக இருந்திருக்க முடியாது. அந்த வாசிப்பை எவரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தமிழக இதழ்களின் வரவு சுருங்கியது. ஈழத்து எழுத்துக்கு அது நல்ல காலம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் வந்தன; அ. பாலமனோகரனின் நிலக்கிளியும் செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் 1973இல் வெளிவந்தன. வன்னிக் காட்டையும் நெடுந்தீவுக் கரையையும் நாவலில் கண்ட மகிழ்ச்சி வாசகருக்குப் புதிது. ஆனால் கட்டுப்பாடு தளர்ந்த 1977இற்குப் பின் கடைகளில் மீண்டும் தமிழக இதழ்கள் நிறைந்தன. தடையால் வந்த வாசகரைத் தடை நீங்கிய பின் தக்கவைப்பது அரிது. அதற்காக வாசகரைக் குறை சொல்லும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்பத்துக்காக வாசிப்பவரிடம் தேசியக் கடமையை எதிர்பார்ப்பது நியாயமன்று.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஏட்டுச் சுவடிகளுக்காகவும் அரிய பதிப்புகளுக்காகவும் அழுதோம், அழவேண்டியதே. இரவல் கொடுக்கும் பகுதியில் பலர் கைபட்டு நைந்துபோன கதைப் புத்தகங்களும் அந்தத் தீயில்தான் போயின. 1984இல் அயலூரான பருத்தித்துறையில் ஹாட்லிக் கல்லூரி நூலகம் எரிந்தது. 1990இன் பின் மின்சாரமில்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. பத்திரிகைகள் கொப்பித் தாளிலும் அச்சாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அந்நாள்களில், ஜாம் போத்தல் விளக்கின் முன் பழைய தொடர்கதைக் கட்டுகள் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டன. முன்பக்கமும் முடிவும் இல்லாத நாவல்களுக்கும் வாசகர் இருந்தனர். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து வந்தபோது பையில் காணி உறுதியும் சான்றிதழ்களும் இருந்தன. கதைக்கட்டுகளுக்கு அதில் இடமேது?

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து இதழ்கள் பலவற்றைக் காணலாம். அச்சில் வந்தது ஓரளவு காப்பாற்றப்படுகிறது. வாசித்தவரின் நினைவு அப்படியன்று. முதியவர் ஒருவர் மறையும்போது ஒரு சிறிய வாசிப்பு வரலாறும் கூடவே மறைகிறது. என் மாணவர்களிடம் வீட்டிலுள்ள அப்பாச்சியிடமும் தாத்தாவிடமும் கேட்டு எழுதிவரச் சொல்கிறேன்: எந்தக் கதை, எந்த ஆண்டு, யாரிடம் இரவல் வாங்கியது, எந்த இடத்தில் அழுதீர்கள் என்று. ஆசிரியர் கேட்கிறார் என்று அறிந்ததும் பெரியவர்கள் திருக்குறள் என்றுதான் முதலில் சொல்வார்கள். இன்னொரு முறை கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியனுப்புகிறேன். நேயர்களும் தங்கள் வீட்டில் கேட்டு, கிடைப்பதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ரமணிசந்திரன் என்று பதில் வந்தால் அதையும் எழுதுங்கள்; தலைப்பை மறக்காமல்.