மனைப்பிரிவில் வெயிலுரிமையும் காடு காப்பும்: போடிநாயக்கனூர், ஏலமலைச் சரிவுகள்

நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு மனைக்கும் வெயில் தடையின்றி விழும்படி சாலையின் திசையையும் கட்டடத்தின் உயரத்தையும் வகுப்பது வெயிலுரிமை விதி. அதே பிரிப்பில் ஓடை, செங்குத்துச் சரிவு, மரக்கூட்டம் ஆகியவற்றை விற்பனைக்கு எட்டாமல் நிறுத்துவது இயற்கைப் பகுதிக் காப்பு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் முதலாவதற்குத் தனி விதி கிடையாது. இரண்டாவதற்கு அடுக்கடுக்காக விதிகள் உண்டு. ஊரை ஒட்டிய ஏலமலையின் பயிரான ஏலம் நிழலில் வளர்வது; இவ்வட்டாரத்தில் சட்டத்தின் அக்கறையும் பெரும்பாலும் நிழலின் மீதே.

பழைய சட்டம்

வெளிச்சத்தைச் சொத்தாக எண்ணும் வழக்கம் மிகப் பழையது. வெயில் காய்வதற்கென்றே கட்டிய அறையை அண்டை வீட்டார் மறைப்பது உரிமை மீறல் என்று ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் கருதினார். வெளிச்சத்தை 20 ஆண்டு தடையின்றி அனுபவித்திருப்பதையே இங்கிலாந்து 1832இல் உரிமைக்கு அளவுகோலாக்கியது. அந்த 20 ஆண்டைத்தான் இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882 தன் 15ஆம் பிரிவில் எடுத்துக்கொண்டது. அதை வரைந்தவர் விட்லி ஸ்டோக்ஸ். சட்டம் முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் மட்டுமே செல்லுபடியானது. பம்பாய்க்கு 1891இல்தான் போய்ச் சேர்ந்தது. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த போடி (போடிநாயக்கனூர்) ஜமீன் தொடக்கத்திலேயே இதற்குள் வந்துவிட்டது.

ஆனால் இப்பிரிவு காப்பது கட்டடத்துக்குள் வரும் வெளிச்சத்தை. காலிமனைக்கு அது பொருந்தாது. 20 ஆண்டு இடையறாத அனுபவம் வேண்டும். பறிபோனால் கணிசமான பாதிப்பையும் மெய்ப்பிக்க வேண்டும். நேற்று அப்ரூவல் ஆன மனைப்பிரிவில் வீடு கட்டி மாடியில் சோலார் வைப்பவருக்கு இதனால் ஆவது ஒன்றுமில்லை. கிரயப் பத்திரத்தில் நான்கு மால் (எல்லை) எழுதி வழிநடை பாத்தியத்தையும் மறக்காமல் சேர்க்கும் பத்திர எழுத்தர்கூட வெளிச்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்.

கதிர்க்கோணம்

போடி வட அகலக்கோடு 10 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலிலும் சூரியன் தென்வானில் ஏறக்குறைய 56½ பாகை உயரத்தில் நிற்கும். 3 மீட்டர் சுவரின் நிழல் வடக்கே சுமார் 2 மீட்டரோடு நின்றுவிடும். அமெரிக்காவில் 40 பாகையில் உள்ள போல்டர் நகரில் அதே சுவர் 6 மீட்டர் நிழல் போடும். டிசம்பர் 21 அன்று காலை 10 முதல் பிற்பகல் 2 வரை விழும் வெயிலைக் காக்க அந்நகர் விதி செய்தது அதனால்தான். அதை இங்கே படியெடுப்பது வீண்வேலை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும் போடியில் சூரியன் உச்சிக்கு நேரே வரும். வாசலில் நட்ட கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். சிக்கல் காலையிலும் மாலையிலும்தான். கிழக்கு மேற்காக ஒட்டி எழும் மாடிகள் மறைக்கின்றன. மேற்கே மலைத்தொடரும் மறைக்கிறது. மலை மறைப்பதற்கு விதியில் பரிகாரம் இல்லை.

மலைமேல்

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏலத்தோட்டங்களில் நிழல்மரங்களின் கிளை கழிப்பார்கள். முழுக்கத் திறந்தால் இலை கருகும், முழுக்க மூடினால் காய்ப்பு குறையும். வானம் சல்லடைபோலத் தெரிந்தால் சரி. போடிமெட்டுக்கு அப்பால் கேரள எல்லைக்குள் போடிக்காரர்களுக்கும் தோட்டங்கள் உண்டு. அங்கே நிலம் வருவாய்த்துறையின் பொறுப்பு, மரம் வனத்துறையின் பொறுப்பு. குத்தகைதாரர் அடியில் ஏலம் வைக்கலாம், மேலே நிற்கும் மரம் அவருடையதல்ல. மண்ணையும் நிழலையும் தனித்தனியாகப் பிரித்த இந்த ஏற்பாடு, எந்த மனைப்பிரிவு விதியையும்விட நுட்பமானது.

திருவிதாங்கூர் அரசு 1897இல் ஏலமலையைக் காப்புக்காடாக அறிவித்தது. பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது கேரள அரசு. 2,15,720 என்கின்றனர் சூழலியலாளர்கள். முன்னால் ஒரு ‘2’ உண்டா இல்லையா என்பதே வழக்கு. மலையின் கிடப்பைப் பார்த்தால் பெரிய எண்ணே பொருந்தும். உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அங்கே புதிய பட்டாக்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

தமிழ்நாட்டுச் சரிவில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949 அனுமதியின்றிக் காட்டை விற்பதையும் மரம் வெட்டுவதையும் தடுக்கிறது. 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் தேனி மாவட்ட மலைக்கிராமங்களும் அடங்கும்.

இன்றைய நிலை

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக எஞ்சியதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். எதற்கும் உதவாத மூலைத் துண்டுக்கு வரைபடத்தில் பச்சை பூசிப் ‘பூங்கா’ என்று எழுதுவது பழகிப்போன தந்திரம். 2016 அக்டோபர் 20 வரை பிரித்த அங்கீகாரமற்ற மனைகளை 2017ஆம் ஆண்டு விதிகள் வரன்முறைப்படுத்தின.

2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அந்தக் கூரையைப் பக்கத்து மாடி மறைத்தால் புரட்ட வேண்டியது இன்னும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.