விசைக்கேற்ற சுவர்: இரத்த நாளங்களின் நுண்ணமைப்பில் அழுத்தமும் ஓட்டமும் வயதும்

முன்னுரை

திசுவியல் பாடநூல்கள் இரத்த நாளச் சுவரை உள்ளுறை, நடுவுறை, வெளியுறை என மூன்றாகப் பகுத்து, தமனிக்கும் சிரைக்கும் உரிய இயல்புகளை அட்டவணையாகத் தருகின்றன. நுண்ணோக்கியில் நாளங்களை இனங்காண இது போதும். அச்சுவர் ஏன் அவ்வாறு அமைந்தது என்ற வினாவுக்கு மட்டும் அதில் விடை இல்லை. சுவரின் நுண்ணமைப்பை அது தாங்கும் விசையே பெரிதும் தீர்மானிக்கிறது. எனினும் அவ்விசைக்குச் சுவர் தரும் மறுமொழி உயிரியின் வயதுக்கேற்ப மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அழுத்தம்

லாப்லாஸ் விதிப்படி, குழாய்ச் சுவரில் எழும் இழுவிசை உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பொறுத்தது. தந்துகியின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். ஆகவே, தமனி முனையில் ஏறத்தாழ 35 மி.மீ. பாதரச அழுத்தம் இருந்தும், உட்புறத்தை மூடும் ஒற்றை அகவணிச் செல்லடுக்கும் அடிச்சவ்வும் அதைத் தாங்கிவிடுகின்றன. பெருந்தமனியின் ஆரமோ தந்துகியினதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. அதன் நடுவுறையில் எலாஸ்டின் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்க, அவற்றின் இடையே மென்தசைச் செல்களும் கொலாஜன் இழைகளும் உள்ளன. 1967இல் வொலின்ஸ்கியும் கிளாகோவும் சுண்டெலி முதல் பன்றி வரை பல பாலூட்டிகளின் பெருந்தமனிகளை ஒப்பிட்டனர். விலங்கு பெரிதாகப் பெரிதாகத் தகடுகளின் எண்ணிக்கை கூடியது. ஒரு தகட்டலகு சுமக்கும் இழுவிசையோ மீட்டருக்கு 1 முதல் 3 நியூட்டன் என்ற குறுகிய எல்லைக்குள்ளேயே நின்றது.

இந்தப் பொருத்தம் மட்டுமே காரணத்தை நிறுவாது. ஒவ்வோர் இனத்துக்கும் மரபுவழி வந்த அமைப்பாகவும் அது இருக்கலாம். ஓர் உடலுக்குள்ளேயே அழுத்தம் மாறும் சான்று வேண்டும். அதை நுரையீரல் தமனித் தண்டு தருகிறது. கருவில் அதன் அழுத்தம் பெருந்தமனியின் அழுத்தத்தை ஒத்தது. சுவரின் மீள்இழை அமைப்பும் அப்படியே. பிறந்தபின் அழுத்தம் தாழ, அவ்விழைகள் சிதறி ஐதாகின்றன. பிறப்பு முதலே நுரையீரல் மிகையழுத்தம் நீடிப்பவர்களிடம் கருக்கால அமைப்பு மாறாது நிலைக்கிறது என்று ஹீத்தும் உடன் ஆய்வாளர்களும் 1959இல் காட்டினர். மிகையழுத்தம் பின்னாளில் வந்தவர்களிடமோ வளர்ந்தோரின் அமைப்பே காணப்பட்டது. அழுத்தம் இரு சாராரிடமும் மிகையே. அது தொடங்கிய காலம்தான் வேறு.

ஓட்டம்

இரத்த ஓட்டம் அகவணியின்மீது உராய்ந்து செல்கிறது. நேரான தமனிகளில் அகவணிச் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு கிடக்கின்றன. ஓட்டம் குலையும் கிளைப்பிடங்களில் அந்த ஒழுங்கு இல்லை, தமனித் தடிப்பு நோயும் அங்கேதான் பெரிதும் தோன்றுகிறது. 1980இல் ஃபர்ச்காட்டும் சவாட்ஸ்கியும் முயலின் பெருந்தமனித் துண்டுகளில் அகவணியைத் தேய்த்து நீக்கியபோது, அசிட்டைல்கோலின் நாளத்தைத் தளர்த்தும் ஆற்றலை இழந்தது. அகவணி வெளியிடும் அந்தத் தளர்த்தி நைட்ரிக் ஆக்சைடு எனப் பின்னர் அறியப்பட்டது. ஓட்டத்தின் உராய்வும் அதைச் சுரக்கச் செய்கிறது. ஆகவே விசையை உணர்ந்து தசைக்கு அறிவிக்கும் உறுப்பாக அகவணியைக் கொள்வதே பொருந்தும்.

எதிர்வாதம்

தமனி, சிரை என்ற வேறுபாடு விசைக்கு முந்தியது எனலாம். சுண்டெலிக் கருவில் குருதியோட்டம் முறையாக அமையுமுன்னரே எஃப்ரின்-பி2 என்ற புரதம் தமனிக்குரிய செல்களிலும், ஈஃப்-பி4 என்ற புரதம் சிரைக்குரியவற்றிலும் மேலோங்கித் தோன்றுவது 1998இல் அறியப்பட்டது. இது வலுவான மறுப்பு. ஆனால் 2004இல் வெளியான ஆய்வொன்றில், கோழிக் கருவின் மஞ்சட்கருப் பையில் தமனியைக் கட்டி ஓட்டத்தை மாற்றியபோது, தமனிப் பகுதிகள் சிரையின் இயல்பை ஏற்றன. மரபணு தொடக்க அடையாளத்தைத் தருகிறது; அதை நிலைநிறுத்துவதோ மாற்றுவதோ ஓட்டத்தைச் சார்ந்தது.

வயதின் எல்லை

எலாஸ்டின் பெரும்பாலும் கருவின் பிற்பகுதியிலும் இளமையிலுமே உருவாகிறது. பின்னர் பல பத்தாண்டுகள் நீடிக்கிறது. இதய மாற்றுவழி அறுவையில் காலின் சிரை தமனி அழுத்தத்துக்கு ஆட்படும்போது மென்தசைச் செல்கள் பெருகி, கொலாஜன் மிகுந்து, உள்ளுறை தடிக்கிறது. எலாஸ்டின் உருவாகும் காலம் கடந்துவிட்டதால், பெருந்தமனிக்குரிய தகட்டடுக்கு மட்டும் உருவாவதில்லை.

இதயத் தசையிலும் விசைக்கான மறுமொழியை வயது இவ்வாறே வரம்பிடுகிறது. அழுத்தச் சுமை கூடினால் சுருங்கும் அலகுகளான சார்கோமியர்கள் பக்கவாட்டில் சேர்ந்து செல் தடிக்கிறது. கொள்ளளவுச் சுமை கூடினால் அவை வரிசையாகச் சேர்ந்து செல் நீள்கிறது. வளர்ந்தோரில் புதிய தசைச் செல்கள் மிக அரிதாகவே தோன்றுவதால், இருக்கும் செல்களே பருக்க வேண்டியிருக்கிறது. அவற்றின் பருமனுக்கு ஈடாகத் தந்துகிகள் பெருகாதபோது ஆக்சிஜன் வழங்கல் குன்றுகிறது.

முடிவுரை

ஆகவே ஒரு திசுச் சீவலைப் படிக்கையில் நாளத்தின் பெயரோடு அழுத்தம், ஆரம், விசை தொடங்கிய வயது ஆகியவற்றையும் கேட்க வேண்டும். செயற்கை நாளங்களை வளர்க்கும் முயற்சிக்கும் இது பொருந்தும்: வளர்ந்தோரின் செல்களுக்குத் துடிப்பழுத்தம் தந்தால் மட்டும் போதாது, எலாஸ்டினை ஒழுங்காக நெய்யும் இளமைத் திறனையும் அவற்றில் மீட்டெடுக்க வேண்டும்.