ஆறில் ஒரு பங்கு

1987ஆம் ஆண்டுக்கான அமெரிக்க வருமானவரிக் கணக்குகளில் சுமார் 70 லட்சம் பிள்ளைகளைக் காணவில்லை. யாரும் போலீசுக்குப் போகவில்லை. தங்களைச் சார்ந்திருப்பதாகக் காட்டும் 5 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கெல்லாம் சோஷியல் செக்யூரிட்டி எண் தர வேண்டும் என்று முந்தைய ஆண்டில் சட்டம் வந்திருந்தது, அவ்வளவுதான். காணாமல் போனவர்களில் பிறக்கவே பிறக்காதவர்கள் உண்டு. பிரிந்துபோன அப்பா, அம்மா இருவர் கணக்கிலும் இருந்தவர்களும் உண்டு.

இந்த இரண்டாம் வகையை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை. "நான்தானே காசு அனுப்புறேன்" என்பார் ஒருவர். "என்கிட்டதானே வளருது" என்பார் மற்றவர். சட்டமே இங்கே வெகுகாலம் தடுமாறியிருக்கிறது.

1942 முதல், 2018 இறுதிவரை செய்துகொண்ட விவாகரத்து ஒப்பந்தங்களில், ஜீவனாம்சம் கொடுப்பவர் அதைத் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ள முடிந்தது. வாங்குபவர் வரி கட்ட வேண்டியிருந்தது. பிள்ளைக்கென்று குறித்த தொகைக்கு அந்தக் கழிவு கிடையாது. அப்படியானால் குறிக்காமல் விட்டால்? லெஸ்டர் வழக்கில் ஒப்பந்தம் மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னது. மூன்று பிள்ளைகளில் ஒருவர் மணமானாலோ, சொந்தக்காலில் நின்றாலோ, இறந்தாலோ ஆறில் ஒரு பங்கு குறையும். அந்தப் பங்கு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பிள்ளைக்கு இவ்வளவு என்று எழுதவில்லை, எனவே முழுவதும் ஜீவனாம்சமே என்றது உச்ச நீதிமன்றம், 1961இல்.

1984 சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. பிள்ளையைக் கணக்கில் காட்டும் உரிமையையும் மாற்றியது. அதுவரை கேள்வி, பாதிக்கு மேல் செலவழித்தது யார் என்பது. இரண்டு பேரும் ரசீதுக் கட்டோடு வருவார்கள். இனி, பிள்ளை அதிக நாள் யாரோடு வாழ்கிறதோ அவருக்கே உரிமை. அவர் மனமுவந்து 8332ஆம் எண் படிவத்தில் கையெழுத்திட்டால் மற்றவர் காட்டலாம். பணம் அனுப்புவது கடமை. அதனால் மட்டும் உரிமை வராது.

எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. அனுப்பிய காசுக்கு ரசீது உண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையோடு விழித்திருந்த இரவுக்குக் கிடையாது. 2008இல் வந்த விதிகள் அந்த இரவுகளைத்தான் எண்ணச் சொல்கின்றன.

லீப் வருடத்தில் 183, 183 என்று சமமாகிவிட்டால்? வருமானம் கூடியவருக்கே பிள்ளை. தூங்கும் இடத்தைத் தேடி வந்த சட்டம், அங்கே மறுபடியும் காசைத்தான் பார்க்கிறது.