எலி விழுந்த வீடு



மானிடவியல் ஆராய்ச்சி மாணவனாகிய நான், மனிதர்க்கும் விலங்குகட்கும் பொதுவான நோய்களைப் பற்றி ஆராயப் புகுந்தபொழுது, எனக்கு முதற்பாடம் கற்பித்தது கோவை நகரில் நான் கண்ட ஒரு கோயிலின் பெயரே ஆகும். 'பிளேக் மாரியம்மன்' என்பது அப்பெயர். அப்பெயர் தாங்கிய கோயில்கள் அந்நகரில் பல உள்ளன. அம்மனின் திருநாமத்தோடு அயல்மொழி நோய்ப்பெயர் இணைந்தது எவ்வாறு?

1894-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரில் பிளேக் பரவியபொழுது, அதன் கிருமியை யெர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்தார். 1896-இல் அந்நோய் பம்பாயை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையையும் அது வாட்டியது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு, ஊர்ப்புறத்தே குடிசையமைத்துத் தங்கினர், அம்மனிடம் முறையிட்டனர்.

வீட்டில் எலிகள் செத்து விழுவதே அந்நாளில் அபாய அறிவிப்பு. மருத்துவர் வருமுன் எலி எச்சரித்தது! ஆயினும் எலியின் சாவுக்கும் மனிதனின் சாவுக்கும் இடையே நின்ற தூதுவன் யார் என்பது விளங்கவில்லை.

1898-இல் கராச்சியில் சைமண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற எலி ஒன்றைக் கண்ணாடிக் கலத்தில் இட்டார். அதன் உடலில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. அது சாகுந்தறுவாயில், அதனைத் தீண்டவியலாதவாறு, சிறு கூண்டில் நல்ல எலியொன்றை உள்ளே வைத்தார். சில நாட்களில் அதுவும் பிளேக்கினால் மாண்டது. எலி இறந்து உடல் குளிர்ந்ததும், தெள்ளுப்பூச்சி வேறு உயிரை நாடுகிறது. எலிகள் அருகியபின் மனிதனைக் கடிக்கிறது. இவ்வுண்மையை அறிஞர் பலர் உடனே ஏற்றாரில்லை; பின்னர்ப் பம்பாயில் நிகழ்ந்த சோதனைகளே அதனை நிலைநாட்டின.

ஆகவே, எலி விழுந்த வீட்டை விட்டு நீங்கியவர்கள் காரணம் அறியாமலே தக்கதைச் செய்தனர். ஆனால் காரணம் அறியாத வழக்கம் எக்காலத்தும் காவாது. 1994-இல் சூரத் நகரில் பிளேக் தோன்றியபொழுது, மக்கள் லட்சக்கணக்கில் வெளியேறினர். அது நுரையீரலைப் பற்றும் வகை. இருமல் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. அங்கே ஓடுவோர் நோயையும் உடன் கொண்டு செல்லக்கூடும். உடனே பெறும் மருந்தே உயிர் காப்பது.

முன்னோரின் கூர்ந்த பார்வையை எள்ளாதீர்கள்; அதனோடு நிற்கவும் செய்யாதீர்கள். ஒரு விலங்கு நோயுற்றால், 'ஏன்?' என்று கேளுங்கள். அவ்வினாவின் விடையில் நம் உயிரும் அடங்கியிருக்கலாம் அன்றோ?