இணையவழி வரைகதைக் கருவிகளும் வகுப்பறையும்

இணையவழி வரைகதைக் கருவிகள் என்பன, ஓவியப் பயிற்சி இல்லாதவர்களும் உலாவியின் ஊடாக வரைகதைகளை (காமிக்ஸ்) உருவாக்க உதவும் மென்பொருட் சேவைகள் ஆகும். 2000களின் பிற்பகுதி முதல் இவை மொழி, அறிவியல், வரலாறு முதலிய பாடங்களைக் கற்பிப்பதில் பயன்பட்டு வருகின்றன.

செயற்பாடு

பயனர் முதலில் கட்டங்களின் எண்ணிக்கையைத் தெரிவு செய்கிறார். பின்னர், ஆயத்தமாக உள்ள பின்னணிகளையும் கதைமாந்தர்களையும் அவற்றில் இட்டு, முகபாவனை, உடலசைவு ஆகியவற்றை மாற்றியமைக்கிறார். உரையாடல் பேச்சுக்குமிழிகளிலும், கதைசொல்லியின் கூற்று தனிப் பெட்டியிலும் எழுதப்படுகின்றன.

வரலாறு

2006இல் அமெரிக்க எழுத்தாளர் பில் சிம்மர்மன் 'மேக் பிலீஃப்ஸ் காமிக்ஸ்' தளத்தைத் தொடங்கினார். சென்னையில் பெருமளவு இயங்கிய அட்வென்ட்நெட் நிறுவனத்தின் (பின்னர் சோகோ) 'ஜம்பவ்' பிரிவு 'டூன்டூ'வை உருவாக்கியது. கனடாவில் 'பிக்ஸ்டன்', 'பிட்ஸ்டிரிப்ஸ்' ஆகியன தோன்றின. பிட்ஸ்டிரிப்ஸ் பள்ளிகளுக்கெனத் தனிப் பதிப்பையும் வெளியிட்டது. 2012இல் 'ஸ்டோரிபோர்டு தட்' வெளிவந்தது.

கல்விப் பயன்கள்

* சுருக்கி எழுதுதல்: குமிழியில் இடம் குறைவு. ஆகவே எதைச் சொல்வது, எதைப் படத்திடம் விடுவது என மாணவர் முடிவு செய்ய வேண்டியுள்ளது.
* புரிதலை அறிதல்: நீர்ச் சுழற்சியைக் கட்டங்களாக அமைக்கும் மாணவர், ஆவியாதலுக்கு அடுத்து நேரடியாக மழையைக் காட்டினால், நீராவி குளிர்ந்து முகிலாகும் படிநிலையை அவர் விட்டுவிட்டார் என்பது ஆசிரியருக்கு உடனே தெரிகிறது. மனனம் செய்து எழுதிய விடையில் இத்தகைய இடைவெளி மறைந்திருக்கக்கூடும்.
* மொழிநடை: தமிழ் வகுப்பில் குமிழிக்குள் பேச்சுத் தமிழையும், கூற்றுப் பெட்டியில் எழுத்துத் தமிழையும் கையாளச் செய்து, இரு வழக்குகளின் வேறுபாட்டை உணர்த்தலாம்.
* பங்கேற்பு: நீண்ட கட்டுரை எழுதத் தயங்குவோரும், ஓவியம் வராது என ஒதுங்குவோரும் தம் கருத்தை வெளியிட வாய்ப்புப் பெறுகின்றனர்.

குறைபாடுகள்

ஆயத்தப் படங்களின் தொகுப்பில் இல்லாத உடை, வீடு, ஊர்ச்சூழல் ஆகியவற்றைக் காட்டுவது கடினம். இதனால் மாணவர் தம் வாழ்வை விடுத்து, கருவியில் கிடைக்கும் வாழ்வையே கதையாக்கும் நிலை ஏற்படலாம். கதைமாந்தரை அலங்கரிப்பதிலேயே பாடவேளை கழிந்துவிடுவதும் உண்டு. சிறுவர்களின் தனிப்பட்ட தகவல்களைக் காப்பதும் முக்கியமானது. ஐக்கிய அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைத் திரட்டுவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது.

சேவைகளின் நிலையாமை மற்றொரு சிக்கல் ஆகும். பிட்ஸ்டிரிப்ஸ் நிறுவனத்தை 2016இல் ஸ்னாப்சாட் வாங்கிய பின், அதன் வரைகதைச் சேவை நிறுத்தப்பட்டது. ஃபிளாஷ் நுட்பத்தில் இயங்கிய டூன்டூவும் இன்று செயற்பாட்டில் இல்லை. அந்நுட்பத்துக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 இறுதியில் விலக்கிக்கொண்டது. ஒரு தளம் மூடப்படும்போது, அதில் மட்டுமே சேமிக்கப்பட்ட மாணவர் ஆக்கங்களும் இழக்கப்படக்கூடும். எனவே ஆக்கங்களைப் படக்கோப்பாகத் தரவிறக்கியோ அச்சிட்டோ வைப்பது பாதுகாப்பானது.

மாற்று வழி

கணினி வசதி இல்லாத வகுப்பறைகளில், ஒரு தாளை நான்காக மடித்துக் கட்டங்களாக்கி இதே பயிற்சியைச் செய்யலாம். நிகழ்வுகளைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்துவதே இப்பயிற்சியின் அடிப்படை ஆகும். கருவி அதற்குத் துணை மட்டுமே.